டிஜிட்டல் பியானோ பதிவைத் திருத்தி அச்சிட எந்த மென்பொருள்?

ஆலயப் பஜனைக் குழு, தேவாலயப் பாடகர் குழு, தமிழ்ப்பள்ளிக் கலைநிகழ்ச்சி என எங்கு பார்த்தாலும் கீபோர்ட் வாசிக்க ஒருவர் இருப்பார். பெரும்பாலும் கேள்வி ஞானத்தில் வளர்ந்தவராக இருப்பார். எந்தப் பாட்டுக்கு எந்த முன்னிசை, எந்த வரியில் கார்டு மாறும், பாடுபவர் மூச்சு வாங்கும் இடத்தை எப்படி நிரப்புவது என்பதெல்லாம் அவர் விரலில் இருக்கும், தாளில் இருக்காது. தோட்டத்தில் இருந்தவரை பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே பழகினார்கள். குடும்பங்கள் ஆளுக்கொரு தாமானுக்குக் குடிபெயர்ந்த பிறகு அந்த வழி அடைபட்டுப் போனது. வாசித்தவர் ஓய்ந்துவிட்டால் வாசிப்பும் அவரோடு போய்விடுகிறது.

இன்னொரு பக்கம், இசைத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக வாங்கிய டிஜிட்டல் பியானோ பல வீடுகளில் இருக்கிறது. தாத்தாவையோ மாமாவையோ அதன் முன் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லி, பதிவு செய்து, கணினியில் பிழை திருத்தி, தாளாக அச்சிட்டுக்கொள்ள முடியும். இதில் இறங்குபவர்கள் முதலில் கேட்பது, எந்த மென்பொருளை வாங்கலாம் என்பதைத்தான். ஆனால் அதற்கும் முன்பு தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பியானோ பதிவு செய்து வைத்திருப்பது ஒலியையா, விரலசைவையா?

ஒலி வேறு, மிடி வேறு

வேவ், எம்பி3 போன்ற கோப்புகளில் இருப்பது ஒலி. கைப்பேசியில் பதிவு செய்தாலும் அதுதான். மிடி கோப்பில் ஒலியே கிடையாது. எந்த கீயை எந்த நேரத்தில் அழுத்தினார், எவ்வளவு வேகமாக அழுத்தினார், எப்போது விட்டார், பெடலை எப்போது மிதித்தார் என்ற விவரங்கள் மட்டும் அதில் எண்களாக இருக்கும். 1983-இல் வெவ்வேறு நிறுவனங்களின் இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக உருவான பொது மொழி இது. 88 கீ உள்ள பியானோவில் இடது ஓரக் கீக்கு எண் 21, வலது ஓரக் கீக்கு 108, நடுவில் உள்ள மிடில் சி-க்கு 60. அழுத்தும் விசை 1 முதல் 127 வரை அளக்கப்படுகிறது.

அளவிலும் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. குறுந்தட்டுத் தரத்தில் பதிவான 4 நிமிடப் பாட்டின் வேவ் கோப்பு ஏறத்தாழ 42 மெகாபைட் வரும். அதே வாசிப்பின் மிடி கோப்பு பெரும்பாலும் 100 கிலோபைட்டைக்கூடத் தாண்டாது. அதைவிட முக்கியமானது, மிடியில் தவறாக விழுந்த ஒரு சுரத்தை மட்டும் தனியே பிடித்து நகர்த்தலாம், நீக்கலாம். ஒலிக் கோப்பில் ஒரு கார்டின் நடுவே விழுந்த தவறான சுரத்தை உருவி எடுப்பது சாதாரண மென்பொருளுக்கு முடியாத வேலை. தாளில் அச்சிடும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் மிடியாகப் பதிவு செய்வதே வழி. முடிந்தால் இரண்டையும் எடுத்து வைப்பது இன்னும் நல்லது.

பியானோவின் மாடலைப் பொறுத்து இது மாறும். யமாஹா பி-45 போன்ற எளிய மாடலில் உள்பதிவு வசதியே இல்லை. யூஎஸ்பி வழியாகக் கணினிக்கு மிடி மட்டும் போகும். பி-125 மாடலில் அதே கம்பி வழியாக மிடி, ஒலி இரண்டும் போகும். இந்த இரண்டு மாடல்களுக்கும் தேவையானது பிரிண்டருக்குப் பயன்படுத்தும் அதே யூஎஸ்பி கம்பிதான். தனியாக விலை கொடுத்து வாங்குமுன் வீட்டுப் பிரிண்டரின் பின்பக்கத்தைப் பார்த்துவிடலாம். தம்ப்டிரைவில் பதிவு செய்யும் மாடல் என்றால், அது வேவ் ஆகச் சேமிக்கிறதா மிடி ஆகச் சேமிக்கிறதா என்று கையேட்டில் பார்க்க வேண்டும். சில மாடல்களின் உள் நினைவகத்தில் ஒரே ஒரு பாட்டுக்குத்தான் இடம். அடுத்த பாட்டைப் பதிவு செய்யப் பொத்தானை அழுத்தியதுமே முந்தையது அழிந்துவிடும். பெரியவர் ஒருமுறை மனமுவந்து வாசித்தது அப்படிப் போனால், மறுமுறை அதே போல் வருமா என்பது யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு பாட்டுக்கும் பிறகு கணினிக்கு மாற்றிவிடுவது நல்லது.

ஒலிக் கோப்புக்கு ஆடாசிட்டி போதும்

பதிவின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை வெட்ட, ஒலி அளவைச் சீராக்க, முடிவில் மெல்ல அடங்கச் செய்ய, எம்பி3 ஆக மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆடாசிட்டி தாராளமாகப் போதும். முற்றிலும் இலவசம். 2000-ஆம் ஆண்டு முதல் வெளிவரும் இந்த மென்பொருள் பழைய மடிக்கணினியிலும் தடுமாறாமல் ஓடும். மின்விசிறி இரைச்சலைக் குறைக்கும் கருவியும் இதில் உண்டு. அதற்கு, வாசிக்கத் தொடங்குமுன் சில விநாடி சும்மா ஓடவிட்டுப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சில விநாடிகளில் உள்ள இரைச்சலைக் காட்டித்தான் அதை அடையாளம் காணச் செய்ய வேண்டும்.

பியானோவின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து மடிக்கணினியின் மைக் துளைக்குக் கம்பி போடுவது பலர் செய்யும் வேலை. அந்தத் துளை பெரும்பாலும் மைக்கின் மெல்லிய ஒலிக்காக அமைந்தது. பியானோவின் வலுவான ஒலி அதில் கரகரத்துப் போகும். இதற்கென உள்ள சிறிய யூஎஸ்பி ஒலிப்பெட்டி ஒன்றை வாங்கினால் அந்தத் தொல்லை இருக்காது.

ஆடாசிட்டி மிடி திருத்துவதற்கான கருவி அல்ல. நொட்டேஷன் அச்சிடவும் அதில் வழியில்லை.

மிடி திருத்த

விண்டோஸ் பயன்படுத்துபவர்களுக்கு ரீப்பர் நல்ல தேர்வு. 60 நாள் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம். அதன் பிறகு தனிநபருக்கான சலுகை உரிமம் 60 அமெரிக்க டாலர். மாதக் கட்டணம் எதுவும் இல்லை. கேக்வாக் இன்னொரு வழி. அமெரிக்காவில் கைவிடப்பட்ட நிலையில் இருந்த இந்த மென்பொருளை 2018-இல் சிங்கப்பூரின் பேண்ட்லேப் நிறுவனம் வாங்கி இலவசமாக வெளியிட்டது. மேக், ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு கேரேஜ்பேண்ட் காசில்லாமலே கிடைக்கும்.

முதல்முறை இணைப்பவர்களை இரண்டு சிக்கல்கள் குழப்பும். ஒரு கீயை அழுத்தினால் இரண்டு ஒலி கேட்கும்: ஒன்று பியானோ எழுப்புவது, மற்றது கணினி எழுப்புவது. பியானோவில் லோக்கல் என்ற அமைப்பை அணைத்தாலோ, மென்பொருளில் அந்தத் தடத்தின் ஒலியை அடைத்தாலோ சரியாகிவிடும். மற்றது, விண்டோஸ் கணினியில் பல வேளைகளில் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பியானோவைப் பிடித்துக்கொள்ள முடியும். ரீப்பரைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொன்றில் பியானோ தெரியவில்லையே என்று கம்பியைக் குறை சொல்வதில் பயனில்லை.

தாளில் வரும்போதுதான் சோதனை

மிடி கோப்பை அப்படியே நொட்டேஷன் மென்பொருளில் திறந்தால் அச்சாகிவிடும் என்று விளம்பரங்களைப் பார்த்தால் தோன்றும். திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்கம் முழுக்க முப்பத்திரண்டாம் பாகச் சுரங்களும், முடிச்சுப் போட்ட கோடுகளும், காரணமில்லாத ஓய்வுக் குறிகளுமாக எறும்புப் புற்று கலைந்தது போல் இருக்கும். வாசித்தவர் மீது தவறில்லை. மனிதர் யாரும் கடிகாரம் போல வாசிப்பதில்லை. கணினியோ அவர் வாசித்ததை வாசித்தபடியே எழுதிவிடுகிறது.

இதன் கணக்கு எளிது. மெட்ரோனோம் இல்லாமல் பதிவு செய்தால், பெரும்பாலான கருவிகள் நிமிடத்துக்கு 120 கிராட்செட் என்ற வேகத்தை எடுத்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் ஒரு கிராட்செட் அரை விநாடி. பாட்டின் உண்மையான வேகம் 72 என்றால் ஒரு கிராட்செட்டுக்கு 0.83 விநாடி ஆகும். கணினி அதை ஒன்றே முக்கால் கிராட்செட்டுக்குச் சற்றுக் குறைவு என்று எழுதி வைக்கும். நாலாவது பாருக்குள் தாளக் கோடுகள் எங்கோ போய் நிற்கும்.

அதனால் அச்சுக்காகப் பதிவு செய்யும்போது மெட்ரோனோமை ஓடவிட்டு வாசிப்பதே முதல் மருந்து. கேள்வி ஞானத்தில் வாசிப்பவர்களுக்கு டிக் டிக் ஓசை எரிச்சலூட்டும். அதற்குப் பதில் பியானோவிலேயே உள்ள மெல்லிய தாள ஒலியை வைக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால், அவரை விருப்பம் போல வாசிக்கவிட்டு, பிறகு ரீப்பரில் ஒவ்வொரு பாரின் முதல் தட்டையும் அடையாளமிட்டு வேகத்தைப் பொருத்துவது இன்னொரு வழி. வேலை அதிகம்தான், ஆனால் அவர் வாசிப்பு கெடாது.

அடுத்தது குவாண்டைஸ். சுரங்கள் ஒவ்வொன்றையும் அருகில் உள்ள தாளக் கட்டத்துக்கு இழுத்து வைக்கும் கட்டளை இது. பாட்டில் வரும் மிகச் சிறிய சுரம் குவேவர் என்றால் குவேவர் கட்டத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதைவிடச் சிறிய கட்டம் வைத்தால் குப்பை மிஞ்சும். பெரிய கட்டம் வைத்தால் சுரங்கள் ஒன்றன் மேல் ஒன்று விழும். பெடல் மிதித்து வாசிப்பவர்கள் விரலைச் சீக்கிரம் எடுத்துவிடுவதால், சுரத்தின் நீளத்தையும் அடுத்த சுரம் வரை நீட்ட வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் தாள் முழுக்க ஓய்வுக் குறிதான்.

இந்த வேலைகளை எல்லாம் மூலக் கோப்பில் செய்யக் கூடாது. ஒரு நகல் எடுத்து அதில்தான் செய்ய வேண்டும். குவாண்டைஸ் செய்த கோப்பு கண்ணுக்கு அழகு, காதுக்கு மரக்கட்டை. முந்தி ஒலிக்கும் இடது கை, வரியின் முடிவில் தயங்கி விழும் கார்டு என ஒருவரை இன்னார் என்று அடையாளம் காட்டுபவை அந்தச் சிறு பிசகுகள்தாம். கேட்பதற்கு ஒரு கோப்பு, அச்சுக்கு ஒரு கோப்பு என இரண்டாக வைத்துக்கொண்டால் அவை தப்பிக்கும்.

இடது கையையும் வலது கையையும் பிரிப்பது அடுத்த தலைவலி. மிடிக்கு எந்தக் கை என்று தெரியாது. மிடில் சி-க்கு மேலுள்ளவை வலது, கீழுள்ளவை இடது என்று மென்பொருள் தோராயமாகப் பிரிக்கும். கைகள் அந்த எல்லையைத் தாண்டும் இடங்களை ஆள் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒவ்வொரு கையையும் தனித்தனியே வாசித்துப் பதிவு செய்யலாம் என்று சில வழிகாட்டிகள் சொல்லும். இரண்டு கையும் சேர்ந்தே பழகியவர்களிடம் இதைக் கேட்டால் பாட்டே மறந்துவிடும். அதே போல, எண் 61 என்பது சி ஷார்ப்பா டி ஃப்ளாட்டா என்பதும் மிடிக்குத் தெரியாது. கீ சிக்னேச்சரை முதலிலேயே சரியாகக் கொடுத்தால் பாதிப் பிழை குறையும்.

இங்கு இன்னொரு பழக்கத்தையும் கவனிக்க வேண்டும். எல்லாப் பாட்டையும் சி-யிலேயே வாசித்துவிட்டு, பாடுபவரின் சுருதிக்கு ட்ரான்ஸ்போஸ் பொத்தானைத் தட்டுபவர்கள் ஏராளம். பாடகர் 5 கட்டை என்றால் அது ஜி. 2 கட்டை என்றால் டி. பொத்தான் தட்டியிருக்கும்போது மிடியில் பதிவாவது விரல் பட்ட கீயா, கேட்கும் சுரமா என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். மிடில் சி-யை ஒருமுறை அழுத்தி, திரையில் 60 வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்கினால் போதும். எந்தக் கட்டைக்கு அச்சிடுவது என்பதை நொட்டேஷன் மென்பொருளில் ஒரே கட்டளையில் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

மியூஸ்ஸ்கோரா, மற்றவையா?

நொட்டேஷன் மென்பொருளில் நீண்ட காலம் ஃபினாலே, சிபேலியஸ் என்ற இரண்டு பெயர்கள்தாம் பேசப்பட்டன. 35 ஆண்டுகளுக்கும் மேல் ஓடிய ஃபினாலேயை அதன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் நிறுத்திக்கொண்டது. ஏற்கெனவே கணினியில் உள்ளவர்கள் தொடர்ந்து பயன்படுத்தலாம். ஆனால் புதுப்பிப்பு வராது. விண்டோசும் மேக்கும் மாறிக்கொண்டே போகும்போது ஒருநாள் அது திறக்காமல் போகலாம். ஃபினாலேயில் பாட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் குழுக்கள், அது இன்னும் திறக்கும்போதே எல்லாக் கோப்புகளையும் மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பொது வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இதைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

சிபேலியசை உருவாக்கிவந்த லண்டன் அணி 2012-இல் கலைக்கப்பட்டது. அதிலிருந்து வெளியேறியவர்கள் ஸ்டெயின்பெர்க் நிறுவனத்தில் சேர்ந்து 2016-இல் கொண்டுவந்தது டோரிகோ. இரண்டும் தொழில்முறைக் கருவிகள். இரண்டுக்கும் வசதி குறைக்கப்பட்ட இலவசப் பதிப்புகள் உண்டு. இசையமைப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இவற்றின் விலை நியாயமாக இருக்கலாம். மாதம் நான்கு பாட்டு அச்சிடும் பாடகர் குழுவுக்குத் தேவையில்லை.

அவர்களுக்கு மியூஸ்ஸ்கோர் போதும். அதுவும் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், பியானோவை நேரடியாக இணைக்கலாம். ஆனால் ஒரு குழப்பம் பலரை ஏமாற்றுகிறது. மியூஸ்ஸ்கோர் டாட் காம் என்பது பிறர் எழுதிய தாள்களைப் பதிவிறக்கும் தளம். அதற்குத்தான் சந்தாக் கேட்பார்கள். மென்பொருளோ மியூஸ்ஸ்கோர் டாட் ஆர்க் தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. கடன் அட்டை எண் கேட்டால் தவறான கதவைத் தட்டியிருக்கிறோம் என்று பொருள்.

நொட்டேஷன் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், மிடியை இறக்கித் துப்புரவு செய்வதைவிடக் கேட்டு எழுதுவதே பல வேளைகளில் வேகமானது. மியூஸ்ஸ்கோரில் என் எழுத்தைத் தட்டி, சுரத்தின் நீளத்தை எண்ணால் தேர்ந்தெடுத்து, பியானோவில் கீயை அழுத்தினால் சுரம் தாளில் விழும். கிராட்செட்டுக்கு 5, குவேவருக்கு 4, மினிமுக்கு 6. இங்கே தாளம் தப்ப வழியில்லை. மெதுவாக அழுத்தலாம், தேநீர் குடித்துவிட்டு வந்தும் தொடரலாம். மிடி பதிவை ரீப்பரில் பாதி வேகத்தில் ஓடவிட்டு, அதைக் கேட்டபடி எழுதினால் ஐயம் வரும் கார்டுகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க முடியும்.

எல்லாப் பாட்டையும் இரண்டு கையும் சேர்த்து முழுமையாக எழுத வேண்டும் என்பதும் இல்லை. மெட்டு ஒரு வரி, மேலே கார்டு பெயர்கள், கீழே பாடல் வரிகள் என ஒரு பக்கத்தில் அடக்கினால் அடுத்து வாசிப்பவருக்கு அதுவே போதும். அந்தப் பெரியவருக்கே உரிய முன்னிசை, இடையிசைகளை மட்டும் முழுமையாக எழுதி வைக்கலாம்.

தமிழ் வரிகளும் கமகமும்

பாடல் வரிகளைச் சேர்க்கும்போது அசை பார்த்துப் பிரிக்க வேண்டும். புள்ளி எழுத்து தனியே நிற்காது; முன்னெழுத்தோடு சேரும். கண்ணா என்பது கண், ணா என்று இரண்டு சுரத்துக்குப் போகும். மியூஸ்ஸ்கோரில் சிறு கோடு தட்டினால் அதே சொல்லின் அடுத்த அசைக்கும், இடைவெளி தட்டினால் அடுத்த சொல்லுக்கும் போகலாம். ஓர் அசை பல சுரங்களுக்கு நீண்டால் அடிக்கோடு தட்ட வேண்டும். எழுத்துரு யூனிகோடாக இருக்க வேண்டும். பழைய எழுத்துருவில் தட்டெழுதிய வரிகளை ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வரிகளுக்கான எழுத்துருவாக விண்டோசில் நிர்மலா அல்லது லதா, மேக்கில் தமிழ் சங்கம் அல்லது இணைமதி என்று குறிப்பிட்டுத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. மேக்கில் உள்ள அந்த இரண்டையும் வடிவமைத்தவர் முரசு அஞ்சலைத் தந்த மலேசியர் முத்து நெடுமாறன்.

கர்நாடக இசை சார்ந்த பாட்டுகளுக்கு ஐந்து கோட்டு நொட்டேஷன் முழுமையாகப் பொருந்தாது. இந்த முயற்சி புதிதல்ல. சென்னையில் சின்னசாமி முதலியார் 1893-இலேயே கர்நாடகக் கீர்த்தனைகளை ஐரோப்பிய நொட்டேஷனில் அச்சிட்டு வெளியிட்டிருக்கிறார். சுர இடங்களை அது காட்டும், கமகத்தைக் காட்டாது. மியூஸ்ஸ்கோரில் ஒரு சுரத்துக்குக் கீழே பல வரிகள் எழுத முடியும் என்பதால், முதல் வரியில் ச ரி க ம என்று சுரங்களையும் இரண்டாம் வரியில் சாகித்தியத்தையும் எழுதலாம். தேவார வகுப்பு ஆசிரியர்களுக்கு இது உதவும். கமகத்துக்கு அந்த ஒலிக் கோப்பையே உடன் கொடுத்துவிடுவதுதான் வழி.

வாசித்தவர் இப்போது இல்லை, கேசட்டோ கைப்பேசிப் பதிவோ மட்டும் இருக்கிறது என்றால்? கேசட்டை ஆடாசிட்டியில் ஏற்றிவிட்டு, ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2022-இல் இலவசமாக வெளியிட்ட பேசிக் பிட்ச் போன்ற கருவியில் கொடுத்தால் ஒலியைக் கேட்டு மிடியாக மாற்றித் தரும். பியானோ மட்டும் ஒலிக்கும் பதிவில் ஓரளவு நன்றாகவே வரும். குரலும் தபேலாவும் கலந்திருந்தால் இல்லாத சுரங்களும் சேர்ந்து வரும். காதுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். அப்படியே அச்சுக்கு அனுப்ப முடியாது.

அச்சுக்குப் போகுமுன்

மியூஸ்ஸ்கோரில் ஏ4 தாளுக்கு ஐந்து கோட்டின் உயரம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டராக இருக்கும். வயதானவர்கள் படிக்கும் தாளுக்கு 8 ஆக்கினால் நல்லது. வலது கை ஓயும் இடத்தில் பக்கத்தை முடித்தால் தாளைப் புரட்ட நேரம் கிடைக்கும். அந்த பாரைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோலும் என்டரும் சேர்த்துத் தட்டினால் பக்கம் முறியும். ஃபோட்டோஸ்டேட் கடைக்கு பிடிஎஃப் கோப்பாகத்தான் கொண்டுபோக வேண்டும். கடைக் கணினியில் மியூஸ்ஸ்கோரும் இருக்காது, தமிழ் எழுத்துருவும் இருக்குமென்று சொல்ல முடியாது.

நகல் எடுத்துப் பிறருக்குக் கொடுக்குமுன் பதிப்புரிமையும் உண்டு. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி படைப்பாளியின் வாழ்நாளும் அதன் பிறகு 50 ஆண்டுகளும் பாதுகாப்பு நீடிக்கும். சிங்கப்பூரில் இது 70 ஆண்டுகள். தேவாரப் பதிகத்தின் சொற்களுக்கு உரிமை கோர ஆளில்லை. ஆனால் அதற்கு அண்மையில் ஒருவர் அமைத்த மெட்டுக்கு உண்டு. திரைப்பாடல் தாள்களை விற்பனைக்கு அச்சிடுவதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒலிக் கோப்பு, திருத்தாத மூல மிடி, மியூசிக்எக்ஸ்எம்எல், பிடிஎஃப் என நான்கையும் ஒரே பெயரில் ஒரே இடத்தில் வைத்து, ஒரு நகலைத் தம்ப்டிரைவில் வேறொருவர் வீட்டில் கொடுத்து வைக்கலாம். தாளின் தலைப்பில் பாட்டின் பெயரும் கட்டையும் வரும். வலது மூலையில் இசையமைத்தவர் பெயருக்குக் கீழே இசைக்கோர்ப்பு செய்தவருக்கென ஓர் இடம் உண்டு. முன்னிசையை வாசித்துக் கொடுத்தவரின் பெயரையும் பதிவு செய்த நாளையும் அங்கே எழுத வேண்டும்.